ஒரே உலை, வேறு வேறு வயிறு

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கடற்பக்கம் எழுவான்கரை, பொழுது படுகிற பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் கொக்கட்டிச்சோலை. வயல், மாடு, மீன் என்று மூன்றும் உள்ள ஊர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நேர்வழியாக மட்டக்களப்புக்குப் போக நினைத்தவர்கள் மண்முனைத் துறையில் பாதை என்ற மிதவைப்படகுக்குக் காத்துநின்றார்கள். சந்தைக்குப் போகும் தயிர்ச்சட்டியும் பெரிய வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும் ஒரே பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது.

மட்டக்களப்பு தாதியர் கல்லூரியிலோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலோ படிக்கும் ஒருவர் இப்படியொரு ஊரில் மத்தியான நேரம் நாலு வீடு ஏறி இறங்கினால், பெரும்பாலும் ஒரே சமையலைத்தான் காண்பார். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட வாவிமீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், கையில் காசிருக்கும் நாளில் பருப்பு, கடைசியில் தேத்தண்ணி. அதே உலையில் இறக்கிய சோற்றைத்தான் புதிதாகக் கலியாணம் கட்டிவந்த பெண்ணும், எட்டுமாதப் பிள்ளையும், பதின்மூன்று வயதுச் சிறுமியும், சீனி வருத்தம் உள்ள தகப்பனும், பல் விழுந்த பெத்தம்மாவும் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு அதில் இரும்பு போதாது. இன்னொருவருக்குச் சோறு கூடிவிட்டது. மற்றொருவருக்கு அது தண்ணீராகிவிட்டது.

பாடப்புத்தகம் போசாக்கைக் காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு, விற்றமின், கனியுப்பு என்று பிரித்துச் சொல்லித்தரும். வீடு வயதால் பிரிந்திருக்கிறது. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தெரிவதே தாதிக்கு வேண்டிய அடிப்படை அறிவு. எதைச் சாப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் காசும் காலபோகமும் தீர்மானித்துவிடுகின்றன. எப்போது, எந்தத் தடிப்பில், எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பதில் தாதியின் ஒரு சொல்லுக்கு இடமிருக்கிறது.

கரு உருவாகும் முன்பே

கலியாணம் கட்டிய பெண்ணுக்குக் குடும்பநல உத்தியோகத்தர், ஊர்வழக்கில் மிட்வைப், முதலில் கொடுப்பது போலிக் அமிலக் குளிசை. வயிற்றில் பிள்ளை இல்லாதபோது எதற்குக் குளிசை என்று மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். கரு உண்டாகி 28 நாளுக்குள் மூளையும் முண்ணாணும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து, கிளினிக்குக்குப் போய்ப் பதிவதற்குள் அந்த 28 நாள் முடிந்துவிடும். பிந்திக் கொடுத்தால் குளிசை இரத்தத்துக்கு உதவும், அந்தக் குழாய்க்கு உதவாது.

இந்தக் குளிசையின் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1928 இல் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து வைத்தியர் லூசி வில்ஸ், பம்பாய்த் துணியாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளைத் தாக்கிய கடுமையான இரத்தச்சோகையை ஆராய்ந்தார். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்கரிசனின் போசாக்கு ஆய்வுகூடத்திலும் வேலை செய்தார். இரும்புச்சத்தால் தீராத அந்தச் சோகை, மதுவடிப்பில் மிஞ்சும் மதுவத்திலிருந்து (ஈஸ்ட்) செய்யப்படும் மலிவான மார்மைட்டால் தீர்வதை 1931 இல் எழுதினார். அதற்குள் இருந்தது போலேற்று என்பது பின்னர்தான் தெரியவந்தது. 1941 இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1991 இல் ஏழு நாடுகளில் நடந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு, முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளையைப் பெற்ற பெண்கள் கருவுறுமுன் போலிக் அமிலம் எடுத்தால் அந்தக் குறை மறுபடி வரும் வாய்ப்பு 72 வீதம் குறைவதைக் காட்டியது.

இன்றைக்கும் இலங்கைக் கடைகளில் மார்மைட் போத்தல் அடுக்கியிருக்கிறது. பாணில் பூசிச் சாப்பிடலாம். ஆனால் உப்பு கூடிய பண்டம் அது, குளிசைக்குப் பதிலாகாது.

தேத்தண்ணியின் நேரம்

ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பிள்ளைக்கு, நஞ்சுக்கொடிக்கு, தாயின் உடலில் ஏறக்குறைய அரைமடங்கு கூடும் இரத்தத்துக்கு, பிரசவத்தில் போகும் இரத்தத்துக்கு என்று அது பங்காகும். சாதாரண நாளில் உடல் உணவிலிருந்து உறிஞ்சுவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். கர்ப்பிணியின் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை.

முருங்கையிலையில் இரும்பு இருக்கிறது. ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு குடலுக்குள் எளிதில் போகாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு நன்றாகப் போகும், பக்கத்தில் இருக்கும் கீரையின் இரும்பையும் உள்ளே இழுத்துவிடும். ஆகவே சுண்டலோடு ஒரு துண்டு மீன் இருப்பதில் கணக்கிருக்கிறது. விற்றமின் சி அதே வேலையைச் செய்யும்: பாதித் தேசிக்காய் பிழிந்தால் போதும், ஒரு கொய்யாப்பழம் இருந்தால் இன்னும் நல்லது. தேயிலையில் உள்ள தனின் இதற்கு நேரெதிர். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி, அந்த வேளையின் தாவர இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடும்.

தேத்தண்ணியை விடச் சொன்னால் படுவான்கரையில் யாரும் கேட்கப்போவதில்லை. அனுபவமுள்ள மிட்வைப் அப்படிச் சொல்லவும் மாட்டார். "சோறு திண்டு ஒரு மணித்தியாலம் போகட்டும் புள்ள, மறுகாக் குடிங்க" என்பார். காசு செலவில்லாத மருந்து இது.

கிளினிக்கில் கொடுக்கும் பொட்டலத்தில் இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் என்று பல குளிசைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் ஒரேயடியாக வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். கல்சியம் இரும்பின் உறிஞ்சலைத் தடுக்கும். அதனால் கல்சியம் காலையில், இரும்பும் விற்றமின் சி-யும் இரவில். இரும்புக் குளிசையால் மலம் கறுக்கும், வயிறு புரட்டும் என்று முதல்நாளே சொல்லிவைக்காவிட்டால், இரண்டாம் கிழமை அந்தப் பொட்டலம் அலுமாரிக்குள் கிடக்கும். மூன்று மாதம் கழிந்தபின் கொடுக்கும் பூச்சிக்குளிசையும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் குடலில் கொக்கிப்புழு இருந்தால், உள்ளே போகும் இரும்பு இரத்தமாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஒழுங்காகக் குளிசை எடுத்தும் ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால், தலசீமியா போன்ற வேறு காரணம் உண்டா என்று வைத்தியர் பார்க்கவேண்டும். அதைக் கவனித்துச் சொல்லவேண்டியவர் தாதி.

பப்பாசி, அன்னாசி "சூடு" என்று கர்ப்பிணிகள் ஒதுக்குவதுண்டு. பழுத்த பப்பாசியால் தீங்கில்லை. ஆனாலும் அதை வற்புறுத்தி மாமியாரோடு வாக்குவாதப்படுவதைவிட, கொய்யாவையும் தேசிக்காயையும் காட்டிவிட்டுப் போனால் அதே விற்றமின் கிடைத்துவிடும்.

பிரசவ அறையிலும் ஒரு போசாக்கு வேலை இருக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாகக் கவ்வாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சிலிருந்து பிள்ளைக்குப் போகும் இரத்தம், அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச் சேமிப்பு.

ஆறு மாதம் பால், அதன்பின் தடிப்பு

முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள்நிறப் பால் அளவில் கொஞ்சம்தான், ஆனால் நோயெதிர்ப்புப் புரதங்கள் செறிந்தது. பிந்திவரும் பாலில் ஏறத்தாழ 88 வீதம் தண்ணீர் என்பதால், வைகாசி வெயிலிலும் ஆறுமாதம்வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். 2016 இன் குடிசன சுகாதார அளவீட்டில், ஆறுமாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டதாகத் தெரியவந்தது. உலக அளவில் இது மிக உயர்ந்த வீதம். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு தேடிவரும் மிட்வைப்பும் இதற்குப் பெரிய காரணம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1939 இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர், சீனிசேர்த்த ரின்பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என்று வணிகர்கள் நிறைந்த ரோட்டரிக் கழகக் கூட்டத்திலேயே பேசினார். ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், சோளக்கூழை மட்டும் உண்டு உடல் வீங்கிய பிள்ளைகளைப் பார்த்துக் குவாஷியோர்க்கர் என்ற நோயை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர் அவர். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களைச் சந்தைப்படுத்துவதற்கான சர்வதேச ஒழுங்குவிதி வருவதற்கு 1981 ஆயிற்று.

இலங்கையின் சிக்கல் ஆறுமாதத்துக்குப் பிறகு தொடங்குகிறது. அதே 2016 அளவீட்டில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள் 15 வீதம். தாய்ப்பாலில் இவ்வளவு நன்றாகச் செய்யும் நாட்டில் இது ஏன் என்ற கேள்விக்கு ஒரு பங்கு விடை கஞ்சிக்கோப்பைக்குள் இருக்கிறது.

பிள்ளையின் இரைப்பை நிறைக்கு ஏற்ப, கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும். எட்டுக்கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிலீற்றர், ஒரு தேநீர்க் கோப்பை. 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் 65, 70 கலோரி இருக்கிறது. எட்டுக் கிராம் அரிசியைக் கரையவிட்டுத் தெளிவாக இறக்கிய அதே அளவு கஞ்சியில் 30 கலோரிகூட இல்லை. ஆகவே தண்ணிக்கஞ்சி கொடுத்த வயிற்றில், அதைவிட இருமடங்கு சத்துள்ள பாலுக்கு இடமில்லாமல் போகிறது. தாய்ப்பாலுக்கு மேலதிகமாக 6 முதல் 8 மாதம்வரை நாளுக்கு 200 கலோரி, 9 முதல் 11 மாதம்வரை 300, ஒருவயது தாண்டினால் 550 கலோரி உணவிலிருந்து வரவேண்டும். கஞ்சியால் அந்தக் கணக்கு ஒருநாளும் நிறையாது.

கரண்டியைச் சரித்தால் ஒழுகாத தடிப்பு என்பது எந்தத் தாய்க்கும் விளங்கும் அளவு. குடும்பத்துக்கு வடித்த சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் 40 கலோரி கூடும். முருங்கையிலையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டின் விற்றமின் ஏ ஆக மாறி உடலில் சேர்வதற்கும் அந்தக் கொழுப்பு வேண்டும். உறைப்புச் சேர்க்குமுன் எடுத்து முள்ளு நீக்கி மசித்த வாவிமீன், அவித்த முட்டை, குழையவிட்ட பருப்பு ஆகியவை புரதத்தையும் இரும்பையும் கொண்டுவரும். ஏழெட்டு மாதத்தில் மீன் கொடுத்தால் மாந்தம் வரும் என்று பெத்தம்மா சொல்லக்கூடும். அவர் முன்னாலேயே சிறிதாகத் தொடங்கி, மூன்று நாள் பார்த்து, பிறகு கூட்டலாம்.

தடிப்பான கூழைப் பிள்ளை விழுங்காமல் துப்பும்போதுதான் தாய் மறுபடி தண்ணீரைச் சேர்க்கிறாள். இதற்கு 1980களில் பரோடாப் பல்கலைக்கழகத்தின் தாரா கோபால்தாஸ் குழுவினர் பழைய முறையொன்றையே விஞ்ஞானமாக்கினர். முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் நொதியம் பெருகும். முளைக்கட்டிக் காயவைத்து அரைத்த குரக்கன் மாவை ஒரு சிட்டிகை, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான தடித்த கூழில் போட்டுச் சற்றுக் கிளறினால், மாப்பொருள் உடைந்து கூழ் இளகும். கலோரி குறையாது, விழுங்கச் சுகம்.

திரிபோஷா இந்த வயதை நினைத்தே 1973 இல் வந்தது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் சேர்ந்த இந்த மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறைகுறைந்த பிள்ளைக்கும் இலவசம். வீட்டில் அதைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்து உண்பதைப் பட்டினி காலத்தில் குற்றமாகப் பார்க்கமுடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் ஒரே ஆண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தன. அந்த நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. பொட்டலம் வீட்டுக்கு வந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், அதை யார் சாப்பிட்டார்கள் என்றும் கோபமில்லாமல் கேட்கத் தெரியவேண்டும்.

பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள வளைகோடு, 2006 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோல். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து செய்தது. நல்ல பராமரிப்பில் வளர்ந்தால் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதை அது காட்டியது. "எங்கட பரம்பரையே கட்டை" என்ற சமாதானம் சிறுபிள்ளை விடயத்தில் செல்லாது. ஒருமாத நிறையைவிட, கோடு தொடர்ந்து ஏறுகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்பதே செய்தி. மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் காத்திருக்க நேரமில்லை, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும்.

பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்

பெரியபிள்ளையான சிறுமிக்கு உழுந்துக்களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய் என்று சில நாட்களுக்குத் தனிக் கவனிப்பு நடக்கும். காலையில் வெறும்வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே எண்ணெயைக் கொடுப்பதும் அதில் ஒன்று. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கும் பிள்ளைக்கு அது போசாக்கா?

உழுந்தும் எள்ளெண்ணெயும் முட்டையும் நல்ல தெரிவுகள். பச்சையாக என்பதுதான் நட்டம். 1998 இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 91 வீதம் சமித்தது, பச்சை முட்டையில் 51 வீதம்தான். சல்மொனெல்லா கிருமிப் பயம் வேறு. அவித்துக் கொடுத்தால் வழக்கமும் நிற்கும், புரதமும் கூடும்.

இன்னொன்று, காலம். பெண்பிள்ளையின் உயரம் மிக வேகமாகக் கூடுவது முதல் மாதவிலக்குக்கு ஏறத்தாழ ஒருவருடம் முன்பு. அந்த உச்சத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில், வளர்ந்தவர் எலும்பில் இருக்கப்போகும் கனியுப்பில் கால்பங்கு படிந்துவிடுகிறது. குடும்பம் விழா எடுக்கும் நாளில் அந்த உச்சம் கடந்திருக்கும். ஆகவே கல்சியத்துக்கான கவனம் பத்து, பதினொரு வயதிலேயே தொடங்கவேண்டும். தயிருக்குப் பெயர்போன மாவட்டத்தில் எருமைத்தயிரும், முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் அதற்குப் போதும். மாதவிலக்குக்குப் பின் முக்கியமாவது இரும்பு. பாடசாலையில் கிழமைக்கொரு தரம் கொடுக்கும் இரும்பு-போலிக் குளிசையை மேசைக்குக் கீழே போட்டுவிடும் பிள்ளைக்கு, படிப்பில் களைப்பு வருவதற்கும் அந்தக் குளிசைக்கும் உள்ள தொடர்பை யாராவது சொல்லவேண்டும்.

கலப்பை காலத்துச் சோறு

கையால் நட்டு, கையால் வெட்டி, சூடடித்த காலத்தில் கோப்பை நிறைந்த சோறு ஒரு விவசாயிக்கு வேண்டியிருந்தது. இன்று உழவுயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன, கோப்பை குறையவில்லை. 2005, 2006 இல் எடுத்த தேசிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. யுத்தம் நடந்த வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

ஐந்தடி ஐந்தங்குல உயரமான ஒருவர் 63 கிலோவைத் தாண்டினாலே கவனிக்கவேண்டியவர். ஆசிய உடலில் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து ஆபத்தைத் தொடங்குவதால், உடற்திணிவுச் சுட்டி 23 ஐ ஆசியருக்கான எச்சரிக்கை எல்லையாக 2004 இல் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் வைத்தார்கள். பழைய 25 என்ற எல்லையைப் பிடித்துக்கொண்டிருந்தால் இவர் 68 கிலோ ஆகும்வரை யாரும் பேசமாட்டார்கள்.

"சோத்தை விட்டுட்டுப் பாண் சாப்பிடுறன்" என்று பெருமையாகச் சொல்லும் நோயாளி எல்லாக் கிளினிக்கிலும் உண்டு. வெள்ளைப்பாண் சோற்றைவிட நல்லதல்ல, சம்பலோடு உப்பும் சேர்ந்துவரும். தவிடு நீக்காத சிவப்பரிசி நல்லதுதான், ஆனாலும் அளவு அளவுதான். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்பங்கு சோறு என்று இடத்தைப் பிரித்துக் காட்டினால் கிராமும் கலோரியும் சொல்லத் தேவையில்லை. பிறஷர் இருப்பவரிடம் கருவாட்டைப் பற்றிக் கேட்கவேண்டும். நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது ஒரு தேக்கரண்டி, கருவாட்டுக் குழம்பில் அது ஒரேவேளையில் ஏறிவிடும்.

கந்தசஷ்டி வந்தால் ஆறு நாள் விரதம். சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சொல்லாமல் விரதம் இருந்துவிட்டு மயங்கி விழுவதுண்டு. விரதத்தைக் கேலிசெய்யும் மிஸ்ஸியிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். "இந்தமுறை பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுவைத்து, மருந்தின் அளவை வைத்தியரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்பவரிடம் சொல்வார்கள்.

தட்டில் மிஞ்சியது

வயதானவருக்குக் கலோரி குறையும், புரதம் குறையாது. நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் போசாக்கு வல்லுநர்கள் சொல்கிறார்கள். 50 கிலோப் பெத்தம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். அவருடைய ஒருநாளைக் கூட்டிப் பார்க்கலாம்: காலையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும், மத்தியானம் கொஞ்சச் சோறும் குழம்பும் ஒரு சின்ன மீன்துண்டும், இரவு தேத்தண்ணியில் நனைத்த பாண். மொத்தம் 25 கிராமை எட்டுவதே கடினம். பல்லில்லாததால் மீன் பேரப்பிள்ளைக்குப் போய்விடும். தாகம் தெரிவதும் குறைவதால் தண்ணீரும் குடிப்பதில்லை. ஓர் அவித்த முட்டை, ஒரு கோப்பை தயிர், குழைந்த பருப்பு, முள்ளெடுத்து உதிர்த்த மீன் என்று மென்மையாகச் சேர்த்தால் கால் தசை தாங்கும், விழுவதும் குறையும். பல ஆண்டு மெற்போமின் எடுத்தவருக்கு விற்றமின் பி12 குறையும். காலில் எறும்பூருவதை எல்லாம் சீனி வருத்தத்தின் மேல் போட்டுவிடாமல் அதையும் நினைக்கவேண்டும்.

வைத்தியசாலை வாட்டில் இந்தக் குறை இன்னும் வேகமாக வளரும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் எழுதிய தாதியியல் நூலில் உணவுக்கு மட்டும் இரண்டு அத்தியாயம் ஒதுக்கினார். உணவு நிறைந்திருக்கும் இடத்திலேயே, அதை நோயாளி உண்ண வழிசெய்யாததால் ஆயிரக்கணக்கானோர் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அவர் வாதம். தொடாத உணவை அடுத்தவேளைவரை கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவைக்காதீர்கள் என்றும் சொன்னார். நோயாளி "எனக்கு ஏலா மிஸ்ஸி" என்று தட்டைத் தள்ளினால், எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பதிவில் எழுதுவது காய்ச்சலைக் குறிப்பதற்குச் சமமான வேலை.

பல நாள் சாப்பிடாமல் வந்தவருக்கு ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து. திடீரென்று வரும் மாச்சத்தால் இன்சுலின் கூடி, இரத்தத்தில் உள்ள பொசுபேற்றும் பொட்டாசியமும் கலங்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையின் பாதிக்கு மேல் கொடுக்கக்கூடாது. கசிப்புக்கு அடிமையானவர் மயங்கி வந்தால், டெக்ஸ்ரோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்கவேண்டியதை நினைவூட்டவேண்டும். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் செயலிழந்ததை 1890களில் ஜாவாவில் வைத்தியர் ஐக்மன் கண்டார்; அதற்குக் காரணமும் இதே தயமின் குறைதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருந்து தயமின் அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கலரிசி உண்ணும் ஊர்களில் தயமின் குறைநோய் குறைவாக இருந்தது.

இவ்வளவையும் படித்த மாணவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நல்லாச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். "நேத்து விடிய எழும்பின உடன என்ன குடிச்சீங்க அம்மா?" என்று தொடங்கி, படுக்கும்வரை வேளை வேளையாகப் போகவேண்டும். எத்தனை அகப்பை, மீன் யாருக்கு எத்தனை துண்டு, தேத்தண்ணி எப்போது, எத்தனை கரண்டி சீனி, குளிசை எதோடு, விரதமா இல்லையா என்று கேட்டு எழுதவேண்டும். சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்க்காத தேத்தண்ணியையும் வெற்றிலையையும் கடைசியில் தனியாகக் கேட்கவேண்டும். அடுத்த கிழமை அதே வீட்டுக்குப் போகும்போது, அந்தத் தாளில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னால் போதும். பத்து வரியை மாற்றச் சொன்னால் ஒன்றும் மாறாது.